அகத்தியர் மலைக்கு ஒரு மண்டல விரதம்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியை அடுத்து அமைந்துள்ளது நூம்பல். திருவேற்காட்டைச் சுற்றித் திசைக்கு ஒன்றாக விளங்கும் எட்டு லிங்கத் தலங்களுள், தென்கிழக்குத் திசைக்கு உரிய அக்னி லிங்கத் தலம் இவ்வூரே. இங்கே ஆனந்தவல்லி அம்பிகையுடன் எழுந்தருளியுள்ள இறைவனுக்கு அகத்தீஸ்வரர் என்பது திருநாமம். வடக்கே கயிலையிலிருந்து புறப்பட்டுத் தெற்கே பொதிகைக்கு நடந்த குறுமுனிவரின் பெயரைத் தாங்கி நிற்கும் ஈசனை நாள்தோறும் வலம் வரும் அன்பர்களுக்கு, என்றேனும் ஒருநாள் அந்த முனிவர் உறையும் மலையையும் கண்ணாரக் காண வேண்டும் என்னும் ஆவல் எழுவது இயல்பே.

அந்த ஆவல் நிறைவேறக் கூடியதுதான். பொதிகை மலைத்தொடரின் உச்சியாகிய அகத்தியர்கூடத்திற்கு ஆண்டுதோறும் சில வாரங்கள் யாத்திரை நடைபெறுகிறது. ஆனால் அது பேருந்தில் ஏறிச் சென்று, படியேறித் தரிசித்து, பிரசாதத்துடன் இரவே வீடு திரும்பும் யாத்திரை அன்று. யானையும் காட்டெருமையும் உலவும் வனத்தில் மூன்று நாள் கால்நடை. இரண்டு இரவு காட்டு முகாமில் தங்கல். வழியில் கடையில்லை, மருத்துவமனையில்லை, பெரும்பாலான இடங்களில் கைப்பேசிக்கும் வழியில்லை. ஆகவே இந்த யாத்திரையில் பாதி, வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே நடந்து முடிந்துவிட வேண்டும். அந்தப் பாதியைப் பற்றியே இக்கட்டுரை பெரிதும் பேசுகிறது.

முனிவரின் மலை

ஈசனின் திருமணத்தைக் காண மூவுலகும் கயிலையில் திரண்டபோது வடதிசை தாழ்ந்து தென்திசை உயர்ந்தது என்பதும், உலகைச் சமன் செய்ய அகத்தியர் தெற்கே அனுப்பப்பட்டார் என்பதும் நாம் அறிந்த புராணம். அவர் வந்து தங்கிய மலையே பொதிகை என்பது தமிழர் மரபு. இம்மலைத் தொடரில்தான் தாமிரபரணி பிறக்கிறது. மறுபுறம் கேரளத்தின் நெய்யாறும் இம்மலையிலிருந்தே இறங்குகிறது. ஒரு மலை இரண்டு நாட்டுக்கும் தாயாக நின்று பாலூட்டுகிறது.

அகத்தியர்கூடத்தின் உயரம் 1,868 மீட்டர். ஏறத்தாழ ஆறாயிரத்து நூறு அடி. மேற்குச் சரிவு திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாறு வனவிலங்குச் சரணாலயத்தைச் சார்ந்தது. கிழக்குச் சரிவு நம் நெல்லைச் சீமையின் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சார்ந்தது. இவ்விரண்டையும் உள்ளடக்கிய வனப்பரப்பு 2001-ஆம் ஆண்டில் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2016-இல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

முற்காலத்தில் நெல்லை அன்பர்கள் பாபநாசத்திலிருந்து காரையாறு, பாணதீர்த்தம் வழியாக இம்மலைக்குச் சென்றனர். இன்று அவ்வழி புலிகள் காப்பகத்தின் உட்பகுதியில் இருப்பதால் யாத்திரிகர்க்குத் திறந்திருக்கவில்லை. இப்போதைய முறையான வழி கேரளத்தின் போணக்காடு வழி ஒன்றே. குறுக்கு வழியில் அழைத்துச் செல்வதாக யாரேனும் கூறினால் அன்பர்கள் அதற்கு இசையலாகாது. அனுமதியின்றி வனம் புகுவது சட்டப்படி குற்றம். ஆபத்து நேர்ந்தால் நம்மைத் தேடி வருவதற்குக்கூட எவருக்கும் தெரிந்திராது.

மலையிடம் வழி கேட்டல்

தெற்கு நோக்கி வந்த அகத்தியர் முன் விந்தியமலை வானளாவி நின்றது. தவ வலிமை மிக்க முனிவர் அதனைத் தகர்த்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், தமக்கு வழிவிடுமாறும், தாம் திரும்பி வரும்வரை தாழ்ந்திருக்குமாறும் அவர் மலையைக் கேட்டுக்கொண்டார் என்று கதை கூறுகிறது. மலையும் பணிந்தது. மாமுனிவரே மலையிடம் வழி கேட்டுத்தான் நடந்தார் என்றால், நாம் வனத்துறையிடம் அனுமதிச் சீட்டுக் கேட்டு நிற்பதில் குறைவொன்றுமில்லை.

யாத்திரைக் காலம் பெரும்பாலும் தைப் பொங்கலை ஒட்டித் தொடங்கி மாசி மாதத்தில் முடிகிறது. சரியான நாள்களைக் கேரள வனத்துறை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. முன்பதிவு இணையவழியே நடைபெறும். நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கே அனுமதி என்பதால், பதிவு தொடங்கிய சில மணி நேரத்திலேயே இடங்கள் நிறைந்துவிடுவதுண்டு. மார்கழி இறுதியிலிருந்தே வீட்டுப் பிள்ளைகளிடமோ பேரப்பிள்ளைகளிடமோ சொல்லி அறிவிப்பைக் கவனித்து வரச் செய்வது நலம்.

விதிகளை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கு அனுமதியில்லை. புறப்படுவதற்கு முந்தைய ஏழு நாள்களுக்குள் பெற்ற மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அடையாள அட்டை வேண்டும். மதுவும் பிற போதைப் பொருள்களும் கூடா. பிளாஸ்டிக் கூடாது. பூஜைத் திரவியங்களும் கூடா. இந்தக் கடைசி விதி நம்மைத் திகைக்கச் செய்யும். அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

பெண்கள் செல்லலாமா என்று தாய்மார்கள் கேட்கக் கூடும். செல்லலாம். நெடுங்காலம் மகளிர்க்கு அங்கே அனுமதி இல்லாதிருந்தது. 2018-இல் கேரள உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், 2019 ஜனவரியில் தன்யா சனல் என்னும் அம்மையார் யாத்திரைக் காலத்தில் முதல் பெண்ணாக உச்சியை அடைந்தார். அகத்தியரைக் குலதெய்வமாகப் போற்றும் காணி மக்கள் அப்போது தங்கள் வருத்தத்தைத் தெரிவித்தனர். இன்று மகளிரும் முன்பதிவு செய்து செல்கின்றனர். நாம் செல்வது ஒரு குடியினரின் பூர்விக இல்லத்திற்கு என்னும் பணிவு, ஆண் பெண் இருபாலரிடமும் இருத்தல் வேண்டும்.

மூன்று நாள் நடை

சென்னையிலிருந்து திருவனந்தபுரத்திற்கு ஏறத்தாழ ஓரிரவு ரயில் பயணம். அங்கிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் போணக்காட்டிற்குச் சாலை செல்கிறது. தொலைவு சுமார் 60 கிலோமீட்டர். ரயிலிலிருந்து இறங்கிய கையோடு மலையேறப் புறப்படுதல் முதியோர்க்கு ஆகாது. ஒருநாள் முன்னதாகவே சென்று, அனந்தபத்மநாபனைச் சேவித்து, நன்கு உறங்கி எழுந்து மறுநாள் விடியலில் போணக்காடு செல்வதே முறை.

முதல் நாள், போணக்காட்டு வனத்துறை நிலையத்தில் பைகள் சோதிக்கப்பட்டு, வழிகாட்டியுடன் குழுவாக நடை தொடங்குகிறது. அதிருமலை முகாம் வரை சுமார் 15 கிலோமீட்டர். கரமனையாறு, அட்டையாறு முதலிய நீரோடைகளைக் கடந்து, நிழலடர்ந்த காட்டிலும் வெயில் சுடும் புல்வெளியிலும் பாதை மாறி மாறிச் செல்லும். 'ஏழுமடக்கு' என்று ஓர் ஏற்றம் உண்டு. 'முட்டிடிச்சான்' என்று மற்றொன்று. ஏறுபவரின் முழங்கால் அவர் மார்பில் வந்து இடிக்கும் அளவிற்குச் செங்குத்தானது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. மாலைக்குள் முகாமை அடைந்தாக வேண்டும். அந்திக்குப் பின் அந்தப் பாதை விலங்குகளுக்கு உரியது.

இரண்டாம் நாள், விடியலில் உச்சி நோக்கிய நடை. தொலைவு சுமார் ஆறு கிலோமீட்டர்தான். ஆனால் நேற்றைய பதினைந்தைவிட இந்த ஆறே கடினம். பொங்கலப்பாறை என்னும் பாறைவெளியைக் கடந்தபின் மரங்கள் குறுகி, பாறை பெரிதாகி, காற்று பலமாகும். இறுதிப் பகுதியில் வழுக்குப் பாறையின்மீது கட்டப்பட்ட கயிற்றைப் பற்றி ஏற வேண்டும். இங்கே கால் வலிமை மட்டும் போதாது. தன் உடலின் எடையைத் தன் கையால் தாங்க வல்லவராதல் வேண்டும். உச்சியில் மேகங்களுக்கு இடையே திறந்த வெளியில் அகத்தியர் சிலை வடிவில் காட்சி தருகிறார். தரிசித்தபின் அன்றே அதிருமலைக்கு இறங்க வேண்டும்.

மூன்றாம் நாள், மீண்டும் போணக்காட்டிற்கு நடை. இறக்கம்தானே என்று இதனை எளிதாக எண்ணுதல் கூடாது. ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் வாங்கும். ஒவ்வொரு அடியிலும் உடலின் பாரம் முழுதும் முன்னங்காலில் இறங்குவதால், தொடைத் தசையும் மூட்டும் படும் பாடு இறக்கத்திலேயே மிகுதி. யாத்திரையில் கால் இடறுவது பெரும்பாலும் திரும்பும் வழியில், களைத்த பொழுதில்தான்.

மலையில் பழகியவர்க்கும் பழகாதவர்க்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுவர். 1987-இல் தாவர ஆய்வறிஞர் குழு ஒன்று இம்மலைத் தொடரில் நடந்தது. அறிஞர்கள் சோர்ந்தனர், உடன் வந்த காணி வழிகாட்டிகளோ சிறிய காய்களை மென்றபடி சோர்வின்றி நடந்தனர். அந்தச் செடியே 'ஆரோக்கியப்பச்சை' என்று பின்னர் உலகறிந்தது. அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்து உருவாயிற்று. அதன் வருவாயில் காணி மக்களுக்கும் பங்கு அளிக்கப்பட்டது. சித்த மருத்துவத்தின் தந்தையாக நாம் போற்றும் முனிவரின் மலையில் இது நிகழ்ந்தது பொருத்தமே. ஆயினும் அந்தச் செடியைத் தேடியோ வேறு மூலிகையைத் தேடியோ ஓர் இலையையும் நாம் பறித்தலாகாது. சரணாலயத்தில் அது குற்றம். அறியாத இலையை வாயிலிடுவது ஆபத்தும்கூட.

நாற்பத்தெட்டு நாள்

சபரிமலைக்கு மாலையணிந்து விரதம் காக்கும் மரபு நமக்குப் பழக்கமானது. அகத்தியர் மலைக்கு ஒரு மண்டலம், அதாவது 48 நாள், உடலுக்கு விரதம் வேண்டும். அதற்கும் முன்னர் முதல் வேலை, மருத்துவரைக் காண்பது. இதயத் துடிப்புப் பதிவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டு நிலை ஆகியவற்றைச் சோதித்து, "மூன்று நாள் தொடர்ந்து மலையில் நடக்கப் போகிறேன்" என்று வெளிப்படையாகக் கூறிக் கருத்துக் கேட்க வேண்டும். சான்றிதழுக்குக் கையொப்பம் வாங்குவது வேறு, உடலைச் சோதித்துக் கொள்வது வேறு. முன்னது வனத்துறைக்காக, பின்னது நமக்காக.

ஐப்பசியிலேயே நடையைத் தொடங்கலாம். முதல் இரு வாரம் நாள்தோறும் காலையில் மூன்று கிலோமீட்டர். மழை நாள்களில் கோயில் வெளிப்பிராகாரமே நடைமேடை. அடுத்த இரு வாரம் ஐந்து கிலோமீட்டர். பின்னர் வாரத்தில் ஒருநாள் நெடுநடை. நூம்பல் அகத்தீஸ்வரரில் தொடங்கித் திருவேற்காட்டு எட்டு லிங்கத் தலங்களையும் பகுதி பகுதியாகக் கால்நடையாகவே தரிசித்து வந்தால், புண்ணியமும் பயிற்சியும் ஒருசேர வாய்க்கும். நெடுஞ்சாலையைக் கடக்கும் இடங்களில் மட்டும் மிகுந்த கவனம் தேவை.

சமவெளி நடை போதாது. ஏற்றம் பழக வேண்டும். அதற்கும் நம் சுற்றுவட்டாரத்தில் இறைவனே படிகளை அமைத்து வைத்திருக்கிறான். முதலில் குன்றத்தூர் முருகன் கோயிலின் 84 படிகள். மூச்சிரைக்காமல் ஏறி இறங்கிய பின்னர், ஆண்டின் நாள்களைக் கணக்கிட்டதுபோல் அமைந்த திருத்தணியின் 365 படிகள். அடுத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளையுடைய திருக்கழுக்குன்றத்து வேதகிரி. நிறைவாகச் சோளிங்கர் யோக நரசிம்மரின் 1,305 படிகள். அங்கே இப்போது கம்பிவட ஊர்தி இருக்கிறது; பயிற்சிக்குச் செல்வோர் அதனைத் தரிசனம் முடிந்தபின் நினைத்துக் கொள்ளலாம்.

சோளிங்கர்ப் படிகளை ஏறி இறங்கிய மறுநாள் காலையில் தம் உடலை அன்பர்கள் கேட்டறிய வேண்டும். மீண்டும் ஐந்து கிலோமீட்டர் நடக்க இயலுகிறதா? முழங்கால் வீங்கியிருக்கிறதா? நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ உண்டா? மூன்று நாள் நடையில் முக்கியமான கேள்வி, ஒருநாள் நடக்க முடியுமா என்பது அன்று. நடந்த மறுநாளும் நடக்க முடியுமா என்பதே. இந்தச் சோதனையில் உடல் 'இல்லை' என்று விடை சொன்னால், அதனை முனிவரின் உத்தரவாகவே ஏற்றுக்கொள்வது நல்லது. இந்த முடிவை எடுக்க வேண்டிய இடம் வீட்டுக் கூடமே. கயிறு தொங்கும் பாறையடியில் நின்று எடுக்கத் துணிதல் கூடாது.

ஓர் அளவுகோல் வேண்டுமெனில், மத்திய அரசு நடத்தும் கயிலாய மானசரோவர் யாத்திரையைப் பார்க்கலாம். அதில் 18 முதல் 70 வயது வரையுள்ளோர்க்கே அனுமதி. அவர்களும் மருத்துவச் சோதனையில் தேறிய பின்னரே அழைத்துச் செல்லப்படுகின்றனர். பக்தியின் ஆழத்தை அளக்கும் கருவி எந்த அரசிடமும் இல்லை. மலையேறுதலுக்கு உடல் ஈடு கொடுக்குமா என்பதை அளக்கும் கருவிகள் உண்டு. அவை சொல்வதைக் கேட்பது பக்திக்குக் குறைவாகாது.

தோளில் சுமப்பவை

தோள்பையின் எடை ஐந்து கிலோவுக்குள் அடங்கட்டும். ஏற்கனவே பல நாள் அணிந்து பழகிய, பிடிப்புள்ள காலணி வேண்டும். புதுக் காலணி முதல் நாளிலேயே கொப்புளம் உண்டாக்கும். புறப்படுவதற்கு முன் கால் நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்வது இறக்கத்தில் விரல் நோகாமல் காக்கும். உறுதியான ஊன்றுகோல் ஒன்று இருந்தால் முழங்காலின் சுமையில் ஒரு பங்கைக் கைகள் ஏற்கும். இரவுக் குளிருக்கு ஒரு கம்பளி, காதை மூடும் துணி, நனைந்தால் மாற்ற ஓர் உடை, மழைச் சட்டை, கைவிளக்கு. அட்டை கடித்தால் இட உப்பு. தண்ணீருக்கு எவர்சில்வர் போத்தல்.

உணவு முகாமில் எளிய அளவில் கிடைக்கும். வழியில் உண்ண வெல்லம், பேரீச்சை, பொட்டுக்கடலை, அவல் போன்றவை சிறந்தவை. ஏகாதசி, பிரதோஷ உபவாசத்தை இந்த நாள்களில் மேற்கொள்ளுதல் வேண்டா. சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்வோர், நெடுநேரம் நடந்தால் சர்க்கரை திடீரெனத் தாழும் என்பதை உணர்ந்து, நடைநாள்களுக்கான மருந்தளவை முன்பே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். வழக்கமான மருந்துகளை இரு பங்காக்கி, ஒன்றைத் தம்மிடமும் மற்றொன்றை உடன் வருபவரிடமும் வைப்பது நலம். ஒருவர் பை ஓடையில் விழுந்தாலும் மருந்து தப்பும்.

வீட்டில் ஒரு தாள் எழுதி வைக்க வேண்டும். புறப்படும் நாள், திரும்பும் நாள், குழுவில் உள்ளோர் பெயர், வனத்துறை அலுவலக எண், தம் இரத்த வகை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவை அதில் இருக்கட்டும். மூன்று நாள் கைப்பேசி ஒலிக்காது என்பதையும் குடும்பத்தாரிடம் சொல்லிச் செல்ல வேண்டும். இல்லையேல் நாம் மலையில் அமைதியாய் இருக்க, வீட்டில் அவர்கள் தவித்திருப்பார்கள்.

கற்பூரம் ஏற்றாத பூஜை

இனி, பூஜைத் திரவியங்கள் கூடா என்னும் விதிக்கு வருவோம். முனிவரைக் காணச் சென்று ஒரு கற்பூரம்கூட ஏற்றாமல் திரும்புவதா என்று மனம் வருந்தும். தை, மாசி மாதங்களில் அந்தப் புல்வெளிகள் காய்ந்து நிற்பவை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி, மலைநடைக்குச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். காய்ந்த புல்லில் தீ பிடித்தால் ஓடுபவரைவிட அது விரைந்து ஓடும். அந்தத் துயரத்திற்குப் பின்னரே தமிழகத்தில் மலையேற்றத்திற்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் வனத்துறையின் மேற்பார்வையில் 40 பாதைகள் முறையாகத் திறக்கப்பட்டன.

பாலும் எண்ணெயும் நெகிழிப் பொட்டலமும் மிஞ்சிக் கிடந்தால் விலங்குகள் முகாமைத் தேடி வரும், ஓடை மாசுபடும். அந்த நீரே கீழே ஊர்களின் குடிநீர். ஆகவே அங்கே நாம் செய்யத்தக்கது மானச பூஜை. அதற்கு இலக்கணம் வகுத்தவர் நம் ஆவடிக்கு அப்பாலுள்ள திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனார். கல்லும் சுண்ணாம்பும் இன்றி நெஞ்சிலேயே அவர் எழுப்பிய ஆலயத்திற்கே இறைவன் முதலில் எழுந்தருளினான். காடவர்கோன் கட்டிய கற்றளி காத்திருந்தது. நெஞ்சில் கோயிலே கட்டலாம் என்றால், நெஞ்சில் ஒரு தீபம் ஏற்றுவது அரிதன்று.

திரும்பி வருதலும் யாத்திரையே

எல்லா ஆயத்தமும் செய்து, அனுமதியும் பெற்று, அதிருமலையை அடைந்த பின்னரும் ஒரு கடமை எஞ்சி நிற்கிறது. திரும்பும் நேரத்தை முன்னரே குறித்துக்கொள்வது அது. 'நண்பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் அங்கிருந்தே முனிவரை வணங்கித் திரும்புவோம்' என்று குழுவினர் முதல் நாள் இரவே உறுதி கொள்ளட்டும். மழை தூறினாலும், மூடுபனி கவிந்தாலும், குழுவில் ஒருவர்க்கு நெஞ்சு படபடத்தாலும், வழிகாட்டி 'போதும்' என்றாலும் அதே முடிவு. உச்சிக்கு அரை கிலோமீட்டரே இருக்கிறது என்னும் எண்ணம் தோன்றும்போதுதான் பலர் தம் உடலின் குரலைக் கேட்க மறுக்கின்றனர்.

கோவை வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளை ஏறச் சென்ற அன்பர்கள் சிலர், மூச்சுத் திணறியும் நெஞ்சுவலி கண்டும் வழியிலேயே உயிர்நீத்த செய்திகளை அண்மை ஆண்டுகளில் வேதனையோடு படித்தோம். அங்கே ஏற்றம் ஓர் இரவு. ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். அகத்தியர்கூடத்தில் அதனைப்போல் பலமடங்கு தொலைவு. காட்டு நடுவில் ஒருவர் விழுந்தால் அவரைப் பல மணி நேரம் தோளில் சுமந்தே கீழே கொணர வேண்டும். அந்தச் சுமை வழிகாட்டிகளான காணி இளைஞர் தோளிலும், உடன் வந்தோர் தலையிலும், வீட்டில் காத்திருப்போர் நெஞ்சிலும் இறங்கும். 'இறைவன் திருவடியில் உயிர் போனால் பாக்கியம்' என்று சிலர் கூறுவதுண்டு. பிறரை அல்லலுக்கு ஆளாக்கிப் பெறும் பாக்கியத்தை அறிந்தே நாடுதல் அடியார்க்கு அழகன்று.

ஏற இயலாதவர்க்கு

இதுவரை படித்த அன்பர்களுள் பலர், 'இது என் முழங்காலுக்கு ஆகாது' என்று தாமே உணர்ந்திருக்கக் கூடும். அவர்களுக்கு மலை மறுக்கப்படவில்லை. நெல்லை மாவட்டத்துப் பாபநாசத்தில், பொதிகை அடிவாரத்தில், தாமிரபரணிக் கரையில் பாபநாசநாதர் கோயில் கொண்டிருக்கிறார். அகத்தியருக்கு ஈசன் திருமணக் கோலம் காட்டிய தலம் அது. சித்திரை விஷுவில் அந்தத் திருக்காட்சி விழாவாக நிகழும். கோயில் வாயில்வரை வாகனம் செல்லும். படித்துறையில் நின்று மேற்கே நோக்கினால் பொதிகையின் நீலத்தொடர் தெரியும். மலை உச்சியில் பிறந்த நீர் தானே இறங்கி வந்து நம் பாதத்தை நனைக்கும்.

ஜப்பான் நாட்டில் சிக்கோகு என்னும் தீவில், 88 பௌத்தத் தலங்களை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நடந்து தரிசிக்கும் பெருவழி யாத்திரை உண்டு. அவ்வளவு தொலைவு நடக்க இயலாத முதியோர்க்கென, அந்த 88 தலங்களின் சிறு வடிவங்களைத் தத்தம் ஊர்களிலேயே அமைத்து அந்நாட்டார் வலம் வருகின்றனர். நம் முன்னோரும் அவ்வாறே எண்ணியிருக்கிறார்கள். பொதிகை முனிவரின் பெயரால் நூம்பலிலும், பொழிச்சலூரிலும், கொளப்பாக்கத்திலும் அகத்தீஸ்வரர்கள் எழுந்தருளியிருப்பது, எட்டாத மலையை எட்டும் தொலைவில் கொணர்ந்து வைத்த கருணை.

திருவேற்காட்டில் வேதபுரீஸ்வரர் கருவறையினுள், லிங்கத் திருமேனிக்குப் பின்னே அம்மையப்பர் திருமணக் கோலத்தில் வீற்றிருப்பதைக் கண்டிருப்பீர்கள். உலகோர் அனைவரும் கயிலைக்குச் சென்று அந்தத் திருமணத்தைக் கண்டனர். அதனைக் காண முடியாமல் மலையை விட்டு விலகி நடந்தவர் அகத்தியர் ஒருவரே. மற்றவர்கள் ஒருமுறை கண்டார்கள். அவருக்கோ, அவர் சென்ற ஊர்தோறும் இறைவன் தானே வந்து அந்தக் கோலத்தைக் காட்டினான். மலைக்குச் செல்ல இயன்றவர் முறையாக ஆயத்தமாகி, வழி கேட்டு, பணிந்து சென்று நலமே திரும்புவாராக. செல்ல இயலாதவர் வரும் பிரதோஷத்தன்று நூம்பல் ஆலயத்தை மெல்ல வலம் வருவாராக. கயிலையை விட்டு வந்தவரைத் தேடி வந்த அதே ஈசன், அங்கேயும் காத்திருக்கிறான்.